பாம்புக்குப் போடும் எலி வதைபடாமல் சாக வேண்டும்

வீட்டில் செல்லமாக வளர்க்கும் சிறு மலைப்பாம்பான பால் பைத்தான் (ball python), நன்றாகப் பராமரித்தால் 20 முதல் 30 ஆண்டுகள் வரை வாழும். குட்டியாக இருக்கும்போது வாரத்துக்கு ஒரு இரை, வளர்ந்த பிறகு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்று என்று சிக்கனமாகக் கணக்குப் போட்டாலும் ஒரே பாம்பின் ஆயுளுக்கு 500 எலிகளாவது தேவைப்படும். பாம்பின் கூண்டுக்கு தெர்மோஸ்டாட், ஈரப்பதமானி, ஒளிந்துகொள்ளப் பெட்டி என்று தேடித் தேடி வாங்குகிறவர்கள்கூட, அந்த 500 எலிகளும் எப்படிச் செத்தன என்று விசாரிப்பது அபூர்வம். பாம்பை வளர்க்க முடிவெடுத்த நாளே அந்த எலிகளின் பொறுப்பும் நம் கைக்கு வந்துவிடுகிறது. அவை எப்படி வளர்ந்தன, கடைசி ஐந்து நிமிடத்தை எப்படிக் கழித்தன என்பதும் பாம்பு வளர்ப்பின் ஒரு பகுதிதான்.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்து வளர்க்க முடியாது. பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள் 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பாம்பு வளர்ப்பது பல பத்தாண்டுகளாக நடக்கும் பொழுதுபோக்கு. உறைந்த எலி அங்கே செல்லப்பிராணிக் கடை ஃப்ரீசரிலேயே கிடைக்கிறது. கீழே சொல்லும் நடைமுறைகள் பெரும்பாலும் அங்கே உருவானவை.

உயிருள்ள எலியை அப்படியே கூண்டுக்குள் விடுவதுதானே இயற்கை என்பார்கள். காட்டில் எலிக்கு ஓட இடம் இருக்கிறது. நான்கு கண்ணாடிச் சுவருக்குள் அது இல்லை. பாம்புக்குப் பசி இல்லாத நாளில் எலி மணிக்கணக்கில் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும், பிறகு அதற்கே பசி எடுக்கும். இரவு முழுக்க விட்டுவிட்ட எலி பாம்பின் முதுகைச் சதை தெரியக் கடித்துத் தின்ற படங்களை விலங்கு மருத்துவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். பாம்பு சரியாகப் பிடித்தால் மரணம் விரைவானது என்பது உண்மை. 2015-இல் அமெரிக்காவின் டிக்கின்சன் கல்லூரியில் ஸ்காட் போபேக் குழுவினர் செய்த ஆய்வு, இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்லும் போவா பாம்பு இறுக்கும்போது எலி மூச்சுத் திணறிச் சாவதில்லை, சில நொடிகளிலேயே அதன் ரத்த ஓட்டம் நின்றுபோகிறது என்று காட்டியது. ஆனால் பிடி தலைப்பக்கம் விழாமல் இடுப்பில் விழுந்தால் அந்தச் சில நொடி நீண்டுவிடும். அதற்குள் எலி திரும்பிக் கடிக்கும், பாம்பின் கண்ணும் போகலாம். பழக்கப்படுத்தினால் பெரும்பாலான செல்லப் பாம்புகள் செத்த எலியைத் தின்றுவிடும் என்னும்போது, இந்த ஆபத்தை இரண்டு உயிர்களின் மேலும் சுமத்துவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

ஒன்றிரண்டு பாம்பு வைத்திருப்பவர்கள் உறைந்த எலியை வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. கொல்வது கைப்பழக்கம் வேண்டிய வேலை. மாதத்துக்கு இரண்டு எலி கொல்பவருக்கு அந்தப் பழக்கம் வரவே வராது. ஆனால் வாங்குகிற இடத்தில் கேளுங்கள்: எந்த முறையில் கொல்கிறீர்கள், பிறந்த குட்டிகளை என்ன செய்கிறீர்கள்? இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்தான் விற்பவரின் தரத்தைக் காட்டும். ஏன் என்பது கீழே வரும்.

பத்து இருபது பாம்பு வைத்திருப்பவர்கள் சொந்தமாக எலி வளர்ப்பது உண்டு. அவர்களுக்கு இருக்கும் நடைமுறை வழிகள் இரண்டு: கரியமில வாயு, அல்லது கழுத்தெலும்பை விலக்குதல். இரண்டுக்கும் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் தன் கருணைக்கொலை வழிகாட்டியில் நிபந்தனைகளோடு இடம் தருகிறது. அந்த வழிகாட்டியின் 2020-ஆம் ஆண்டுப் பதிப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கொல்ல முடிவெடுத்தவர்கள் அதில் கொறிவிலங்குகள் பற்றிய பகுதியையாவது முழுதாகப் படித்துவிட வேண்டும்.

முதலில் வாயு. கரியமில வாயு மூக்கின் ஈரத்தில் கரையும்போது அமிலமாகிறது. செறிவு அதிகமாக இருக்கும்போது எலிக்கு நினைவு இருந்தால் அது எரிச்சலையும் வலியையும் தரும். ஆகவே செறிவு மெல்ல ஏற வேண்டும், வலிக்கும் அளவை எட்டுமுன் எலி மயங்கியிருக்க வேண்டும். ரொம்பவும் மெல்ல ஏற்றினாலும் தவறு. மூச்சு முட்டுகிற தவிப்பு நீண்டுகொண்டே போகும். இந்த இரண்டுக்கும் நடுவே பிடிக்க வேண்டிய அளவாக 2020 பதிப்பு சொல்வது, நிமிடத்துக்குப் பெட்டியின் கொள்ளளவில் 30 முதல் 70 சதவீதம். அதற்கு முந்தைய 2013 பதிப்பில் இது 10 முதல் 30 சதவீதமாக இருந்தது. பழைய கட்டுரைகளும் காணொளிகளும் இன்னும் அந்தப் பழைய அளவையே சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இதை லிட்டரில் மாற்றிப் பார்ப்போம். 40 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம் உள்ள பிளாஸ்டிக் பெட்டியின் கொள்ளளவு 24 லிட்டர். 30 சதவீதம் என்றால் நிமிடத்துக்கு 7.2 லிட்டர், 50 சதவீதம் என்றால் 12 லிட்டர், 70 சதவீதம் என்றால் 16.8 லிட்டர். 12 லிட்டர் வீதம் விட்டால் உள்ளே வாயு நன்றாகக் கலக்கிறது என்று வைத்துக்கொண்டு, ஒரு நிமிடத்தில் செறிவு ஏறத்தாழ 39 சதவீதம், இரண்டு நிமிடத்தில் 63, மூன்றில் 78, ஐந்தில் 92. எலி சாய்ந்து விழுவது இதில் முதல் ஒன்றிரண்டு நிமிடத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். மூன்று நிமிடம் ஆகியும் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது வாயு ஓட்டத்தை அளக்கும் மீட்டர் காட்டும் அளவு பெட்டிக்குள் போகவில்லை.

கருவிகளில்தான் பலர் சறுக்குகிறார்கள். மீன் தொட்டிச் செடிகளுக்கு வாயு விடும் ரெகுலேட்டர் குமிழி எண்ணிக்கையில் விடுவது. அதை வைத்து நிமிடத்துக்கு 12 லிட்டர் விட முடியாது. பெயின்ட்பால் விளையாட்டுத் துப்பாக்கிக்கான சிலிண்டரில் வெறும் திறப்பான் மாட்டித் திறப்பவர்கள் எவ்வளவு போகிறது என்றே தெரியாமல் விடுகிறார்கள். தேவைப்படுவது கரியமில வாயு சிலிண்டர், அதற்குப் பொருந்தும் ரெகுலேட்டர், நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று காட்டும் ஃப்ளோமீட்டர். வெல்டிங் கடைகளில் இந்த மூன்றும் கிடைக்கும். ஃப்ளோமீட்டரில் ஆர்கானுக்கு ஒரு அளவுகோலும் கரியமில வாயுவுக்கு இன்னொன்றும் இருக்கலாம், சரியானதைப் படிக்க வேண்டும். 1 கிலோ வாயு அறை வெப்பத்தில் ஏறத்தாழ 540 லிட்டராக விரியும். ஒரு தடவைக்கு 12 லிட்டர் வீதம் ஆறு நிமிடம் ஓடினால் 72 லிட்டர். அப்படிப் பார்த்தால் 2 கிலோ சிலிண்டர் 15 தடவைக்கு வரும். நடுவில் தீர்ந்துபோவதுதான் நடக்கக்கூடியதிலேயே மோசமானது, பாதி மயங்கிய எலி மறுபடி விழித்துக்கொள்ளும். சிலிண்டரை ஒவ்வொரு தடவையும் எடை போட்டுக் குறித்து வைத்தால் இது நேராது. அதற்குள் வாயு திரவமாக இருப்பதால் அழுத்தமானி கடைசிவரை ஒரே அளவைக் காட்டிவிட்டுத் திடீரென்று இறங்கும். அதை நம்ப முடியாது.

குழாய் பெட்டியின் அடிப்பக்கத்தில் நுழையட்டும், காற்று வெளியேறும் சிறு துளைகள் எதிர்ப்பக்கம் மூடியை ஒட்டி மேலே இருக்கட்டும். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் கீழிருந்து நிரம்பிப் பழைய காற்றை மேலே தள்ளும். துளையே இல்லாமல் இறுக்கி மூடினால் உள்ளே அழுத்தம் ஏறி மூடி தெறிக்கும். சிலிண்டரில் இருந்து வரும் வாயு கடுங்குளிராக இருக்கும். ஒன்றரை, இரண்டு மீட்டர் நீளக் குழாய் வைத்தால் வழியில் கொஞ்சம் வெதுவெதுப்பாகிவிடும். குழாயின் வாய் எலியின் முகத்துக்கு நேராக இல்லாதபடி ஒரு சிறு தடுப்பு வையுங்கள். நம் காதுக்கு மெல்லிய சீறலாகக் கேட்பது எலிக்கு அப்படி இல்லை. நமக்குக் கேட்காத மீயொலியையும் அது கேட்கும். குழாய் வாயில் பஞ்சு வடிகட்டி ஒன்றைச் செருகினால் சத்தம் அடங்கும்.

பெட்டியை முன்கூட்டியே வாயுவால் நிரப்பி வைத்து எலியை உள்ளே போடுவது கூடவே கூடாது. வேலை சீக்கிரம் முடிகிறது என்று பலர் இதைத்தான் செய்கிறார்கள். முழு நினைவோடு இருக்கும் எலியை அதிகபட்ச எரிச்சலுக்குள் தள்ளுவது அது. ஒரு கும்பலைக் கொன்று எடுத்த பெட்டியில் அடுத்த கும்பலை உடனே விடுவதும் இதே தவறுதான். கனமான வாயு அடியிலேயே தங்கியிருக்கும். பெட்டியைக் கவிழ்த்து, விசிறி வைத்துக் காற்றாட விட்டு, சிறுநீரும் சாணமும் போகக் கழுவித் துடைத்த பிறகே அடுத்தது.

முடிந்தால் எலிகள் வாழ்ந்த பெட்டிக்கே மூடியை மாற்றி வாயுவை விடுங்கள். பழகிய இடம், பழகிய வாடை, கூடப் பிறந்தவற்றின் அருகாமை, எல்லாம் அப்படியே இருக்கும். வேறு பெட்டிக்கு மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அவற்றின் பழைய படுக்கைத் தூளில் ஒரு பிடி உள்ளே போடுங்கள். அறிமுகமில்லாத ஆண் சுண்டெலிகளை ஒன்றாகப் போட்டால் சாவதற்கு முன் சண்டை வேறு போடும். தரை முழுதும் நிறையும்படி அடைக்காதீர்கள். ஒவ்வொன்றும் நான்கு காலும் தரையில் படத் திரும்பி நிற்க இடம் வேண்டும். விளக்கைக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் உள்ளே நடப்பது தெரியும் அளவு வெளிச்சம் வேண்டும். பார்க்காமல் செய்யும் வேலை இல்லை இது.

நன்றாக நடந்தால் பார்ப்பது இப்படித்தான் இருக்கும். வாயு வரத் தொடங்கியதும் எலி தலையைத் தூக்கி மோப்பம் பிடிக்கும், சில பின்னங்காலில் எழுந்து நிற்கும், மூக்கை முன்னங்காலால் துடைக்கும். பிறகு நடை தள்ளாடும், வயிறு தரையில் படியும், தலை சாயும். அதன்பின் வரும் ஆழ்ந்த இழுத்த மூச்சுகளின்போது நினைவு போயிருக்கும். குதிப்பது, மூடியைப் பிறாண்டுவது, கத்துவது, இவை எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் வாயு அளவு தவறு. மூச்சு நின்றதாகத் தெரிந்த பிறகும் குறைந்தது ஒரு நிமிடம் வாயு ஓட வேண்டும். அதன்பின் வாயுவை நிறுத்திப் பெட்டியை மூடியே பத்து நிமிடம் விட்டுவிடுங்கள்.

வேலை நடக்கும் இடம் காற்றோட்டமாக இருக்க வேண்டும். ஜன்னல் இல்லாத அறையிலோ, நிலவறையிலோ செய்தால் ஆபத்து நமக்குத்தான். அமெரிக்கப் பணியிட விதிகளில் எட்டு மணி நேரத்துக்கு அனுமதிக்கும் சராசரி வரம்பு 5,000 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 5,000 பங்கு). 40,000 பிபிஎம் என்பது உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுத்திருக்கும் அளவு. வாயு தரையில் தேங்கும் என்பதால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தையோ நாயோ நமக்கு முன்பே பாதிக்கப்படும். சிலிண்டரை நிமிர்த்திச் சங்கிலியால் சுவரோடு கட்டி வையுங்கள்.

இனி, பலரும் தவறும் இடம். பாம்புக் குட்டிகளுக்கு வேண்டியது பிங்க்கி என்கிற, முடி முளைக்காத பிறந்த எலிக்குட்டி. தாயின் வயிற்றுக்குள் குறைந்த ஆக்ஸிஜனில் வாழ்ந்து பழகிய உடல் அது. வளர்ந்த எலியைச் சில நிமிடத்தில் கொல்லும் வாயு இதை லேசில் கொல்லாது. பிறந்த அன்றைய சுண்டெலிக் குட்டி முழுச் செறிவு கரியமில வாயுவில் 50 நிமிடம் வரை உயிரோடு இருக்கலாம் என்று ஆய்வகங்களில் பதிவாகியிருக்கிறது. எலிக்குட்டிக்கு 35 நிமிடம் வரை. நாள் ஏற ஏற இந்தத் தாக்குப்பிடிப்பு குறையும். பத்து நாளைத் தாண்டிய குட்டி ஏறக்குறைய பெரிய எலியைப் போலவே ஆகிவிடும்.

பத்து நிமிடம் வாயுவில் வைத்து, அசைவில்லை என்று பையில் கட்டி ஃப்ரீசரில் போட்ட பிங்க்கி அங்கே கண் விழிக்கக்கூடும். இளஞ்சிவப்பு நிறம் மாறாமல் இருப்பதும், காற்றில் எடுத்து வைத்த சில நிமிடத்தில் வாய் திறந்து மூச்சிழுப்பதும் இன்னும் உயிர் இருப்பதன் அடையாளங்கள். இதற்குச் சரியான வழி, வாயுவில் மயங்கிய பிறகு இரண்டாவதாக ஒரு உறுதியான முறையைச் சேர்ப்பது: மிகக் கூரான கத்தரியால் ஒரே வெட்டில் தலையைத் துண்டித்தல். படிக்கக் கொடூரமாகத் தெரியும். 50 நிமிட வாயுவையும் ஃப்ரீசர் குளிரையும் ஒப்பிட்டால், ஒரு நொடியில் முடிகிற இதுதான் கருணையானது. மழுங்கிய கத்தரி நசுக்கும், வெட்டாது. இதற்கென்றே ஒரு கத்தரி வைத்து, அடிக்கடி தீட்டிக்கொள்ள வேண்டும். துண்டான பிங்க்கியைப் பாம்பு மறுப்பதில்லை. ரத்த வாடை வெளிப்படுவதால் முதல் இரைக்கே முரண்டு பிடிக்கும் குட்டிப் பாம்புகள் இதை விரும்பித் தின்பதும் உண்டு.

பிறந்த குட்டிக்கு வலி தெரியாது, நேராக ஃப்ரீசரில் வைத்தால் தூங்கிச் செத்துவிடும் என்ற நம்பிக்கை பாம்பு வளர்ப்பவர்களிடையே வேரூன்றிப் போயிருக்கிறது. வீட்டு ஃப்ரீசரின் குளிர் மெல்லத்தான் இறங்கும். நினைவுள்ள விலங்கை, எந்த வயதானாலும், அப்படிக் கொல்வதை வழிகாட்டிகள் ஏற்கவில்லை.

கழுத்தெலும்பை விலக்குவது சுண்டெலிக்கும் 200 கிராமுக்குக் குறைந்த எலிக்கும் ஏற்கப்பட்ட முறை. மண்டையோட்டின் அடியில், காதுக்குப் பின்னால், ஒரு தடித்த பேனாவையோ இடுக்கியின் தண்டையோ குறுக்காக வைத்து அழுத்திப் பிடித்து, மறு கையால் வாலின் அடிப்பகுதியைப் பிடித்துச் சட்டென்று பின்னால் இழுக்க வேண்டும். தண்டுவடம் மண்டையிலிருந்து பிரியும். சரியாக நடந்ததா என்று விரல் நுனியால் தடவிப் பார்த்தால் மண்டைக்கும் முதுகெலும்புக்கும் நடுவே ஒரு பள்ளம் தட்டுப்படும். பேனாவோ இடுக்கியோ கொஞ்சம் கீழே தோளருகே விழுந்தால் முதுகு முறியும், எலி உயிரோடு துடிக்கும். வால் நுனியைப் பிடித்து இழுத்தால் தோல் மட்டும் உரிந்து கையோடு வரும். இரண்டும் புதியவர்கள் செய்யும் வழக்கமான பிழைகள். ஆகவே இதை முதலில் செத்த எலியில் பழகுங்கள், பிறகு வாயுவில் மயங்கியதில், தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க. 200 கிராமைத் தாண்டிய எலியின் கழுத்துத் தசை கைவலுவுக்கு அடங்காது. அதை முயலவே வேண்டாம்.

பெட்டியில் உலர் பனிக்கட்டி போடுவது, சமையல் சோடாவில் வினிகர் ஊற்றி வாயு உண்டாக்குவது, தீயணைப்பான் அடிப்பது, வாகனப் புகை, இவை அனைத்தையும் தள்ளுங்கள். முதல் இரண்டிலும் வாயு எவ்வளவு வருகிறது என்று அளக்கவே முடியாது, உலர் பனிக்கட்டி பட்ட இடத்தில் தோல் வேறு கருகும். பையில் போட்டுச் சுவரில் அறைவது அடிக்கு அடி மாறும். மருத்துவர் ஊசி போட்டுக் கொன்ற எலி வலியில்லாமல்தான் செத்திருக்கும், ஆனால் அந்த ஊசியில் இருக்கும் பென்டோபார்பிட்டால் மருந்து சதையில் அப்படியே தங்கும். தின்கிற பாம்பையும் அது கொல்லும்.

வீட்டில் பொறி வைத்துப் பிடித்த எலியைப் பாம்புக்குப் போடலாமா என்று நம் ஊரில் கட்டாயம் கேட்பார்கள். கூடாது. அடுத்த வீட்டில் வைத்த விஷத்தைத் தின்றுவிட்டு வந்திருக்கலாம். புரோமடியோலோன், புரோடிஃபக்கூம் போன்ற மருந்துகள் எலியைக் கொல்லவே சில நாள் ஆகும், அதுவரை அது சாதாரணமாகத்தான் திரியும். விஷம் இல்லாவிட்டாலும் புழுக்களும், லெப்டோஸ்பைரா போன்ற கிருமிகளும் உண்டு.

கொன்ற பிறகு செத்தது உறுதியா என்று பாருங்கள். நெஞ்சை இரு விரலுக்கு நடுவில் மெல்லப் பிடித்தால் துடிப்பு இருக்கக் கூடாது. கண்மணியைத் தொட்டால் இமைக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் கழுத்தையும் விலக்கிவிடுங்கள். உடல் விறைப்பதற்குள் காலை வயிற்றோடு ஒட்டி, வாலை நேராக்கி, தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் அடுக்கி உறைய வையுங்கள். கால் பரப்பி உறைந்த எலி பாம்பின் வாயில் மாட்டும். நன்றாக உறைந்த பின் காற்று நீக்கிய பையில் அளவுவாரியாகப் போட்டு, தேதி எழுதி, மைனஸ் 18 டிகிரியில் வையுங்கள். ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. நாளாக ஆக வைட்டமின் ஈ குறையும், தோல் காய்ந்து வெளுக்கும்.

அந்த ஃப்ரீசர் மனிதர் சாப்பாட்டுக்கானதாக இருக்கக் கூடாது. உறைய வைத்தால், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி சாகாது. பிரிட்டனில் 2015 முதல் தீனிச் சுண்டெலிகளோடு தொடர்புள்ள சால்மொனெல்லா 800-க்கும் மேற்பட்டவர்களைத் தாக்கியிருக்கிறது, அவர்களில் குழந்தைகள் அதிகம். உயிருள்ள எலி வளர்ப்பவர்களுக்கு வேறு நோய்களும் வரும். 2012-இல் அமெரிக்காவின் இண்டியானாவில் தீனி எலிப் பண்ணை ஒன்றில் எலிகளிடமிருந்து பரவி மூளையுறையைத் தாக்கக்கூடிய எல்சிஎம் வைரஸ் தொழிலாளர்களுக்குத் தொற்றியது. கருவுற்ற பெண்களுக்கு அது மிகவும் ஆபத்தானது, அவர்கள் எலிப் பக்கமே வரக் கூடாது. 2017-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் வளர்ப்பு எலிகள் மூலம் ஹான்டா வைரஸ் வகைகளில் ஒன்றான சியோல் வைரஸ் பரவியது. எலி உருக்க ஒரு தனிப் பாத்திரம், தனி இடுக்கி, கையுறை வைத்துக்கொள்ளுங்கள். சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள்.

இனிப் பாம்பின் தட்டுக்கு வருவோம். இரையின் பருமன் பாம்பின் உடலில் மிகத் தடித்த இடத்தின் அளவு இருக்கலாம், அதைத் தாண்ட வேண்டாம். எடைக் கணக்கில் குட்டிப் பாம்புக்கு உடல் எடையில் 10 முதல் 15 சதவீதம், வளர்ந்த பால் பைத்தானுக்கு 5 முதல் 7 சதவீதம். 1,500 கிராம் பாம்பு என்றால் 75 முதல் 105 கிராம் எலி. முட்டையிலிருந்து வந்த கார்ன் ஸ்னேக் என்ற விஷமில்லாப் பாம்பின் குட்டிக்கு 2 கிராம் பிங்க்கி ஒன்று, ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை. அளவுக்கு மீறித் தின்று கொழுப்பதும் செல்லப் பாம்புகளுக்குக் கெடுதல்தான். இரையைக் குறைத்தால் கொல்ல வேண்டிய எலியும் குறையும்.

முந்தின இரவே எலியை ஜிப்லாக் பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். சுண்டெலி ஒரே இரவில் உருகிவிடும், 150 கிராம் எலிக்கு முழுதாக ஒரு நாள் பிடிக்கும். கொடுக்கும் நேரத்தில், பையோடு 45 டிகிரி வெந்நீரில் பதினைந்து இருபது நிமிடம் மூழ்க விடுங்கள். தண்ணீர் ஆறினால் மாற்றுங்கள். பிறகு வயிற்றை இரு விரலால் அழுத்திப் பாருங்கள். முழுதும் உருகியிருந்தால் மெத்தென்று இருக்கும், உள்ளே கூழாங்கல் போல ஏதாவது தட்டுப்பட்டால் குடல் இன்னும் பனிக்கட்டிதான். அதை விழுங்கிய பாம்பு இரண்டு நாளில் கக்கிவிடும்.

அவசரப்பட்டுக் கொதிநீரில் போட்டால் வயிற்றுத் தோல் வெந்து, பாம்பு இறுக்கும்போது வெடித்துக் கூண்டு நாறும். மைக்ரோவேவில் ஒரு பக்கம் வெந்து இன்னொரு பக்கம் உறைந்தே இருக்கும். மேசைமேல் அரை நாள் போட்டு உருக்கினால் குடலில் கிருமி பெருகி வாயு கட்டும். வயிறு உப்பி, பச்சை படர்ந்த எலியைத் தூர எறியுங்கள். ஒருமுறை உருகியதை மறுபடி உறைய வைக்கவும் வேண்டாம்.

பைத்தானுக்கும் சில போவாக்களுக்கும் உதட்டோரக் குழிகளில் வெப்பத்தை உணரும் புலன் இருக்கிறது. அவை முதலில் தேடுவது வெதுவெதுப்பான தலையை. அகச்சிவப்பு வெப்பமானியில் எலியின் மேல்தோல் 38 முதல் 40 டிகிரி காட்ட வேண்டும். துடைத்து, உடனே நீண்ட இடுக்கியால் இடுப்பைப் பிடித்து, தலை பாம்பைப் பார்த்தபடி நீட்டுங்கள். வீட்டிலுள்ள அறை குளிராக இருந்தால் ஒரு நிமிடத்தில் தலை ஆறிவிடும். முடி உலர்த்தியால் தலையை மட்டும் அரை நிமிடம் சூடாக்கினால் பல பிடிவாதக்காரப் பாம்புகளும் மனம் மாறும். கார்ன் ஸ்னேக்குக்கும் கிங் ஸ்னேக்குக்கும் வெப்பக் குழி இல்லை. அவை நாக்கில் வாடை பிடித்தே வரும், அதனால் எலி ஈரமாக இருந்து வாடை கழுவப்பட்டுப் போயிருந்தால் திரும்பிப் பார்க்காது.

உயிருள்ள எலியே தின்று பழகிய பாம்பை ஒரே நாளில் மாற்ற முடியாது. மாலை மங்கிய பின், இடுக்கியில் பிடித்த எலியை உயிருள்ளது நகர்வது மாதிரி சின்னச் சின்ன அசைவாக ஆட்டுங்கள். முகத்தில் இடிக்காதீர்கள், பயந்துவிடும். அரை மணி நேரத்தில் எடுக்காவிட்டால் ஒளிவுப் பெட்டியின் வாசலில் வைத்து விளக்கணைத்துவிட்டு வாருங்கள். காலையில் அப்படியே கிடந்தால் எடுத்து எறிந்துவிட்டு, அடுத்த ஒரு வாரத்துக்கு எதுவும் கொடுக்காமல் இருங்கள். ஆரோக்கியமான வளர்ந்த பால் பைத்தான் சில மாதங்கள் பட்டினி கிடந்தாலும் எடை பெரிதாகக் குறையாது. வாரம் ஒருமுறை எடை போடுங்கள். பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தின்ற பாம்பை 48 மணி நேரம் தொடாதீர்கள். கூண்டின் சூடான பக்கம் பால் பைத்தானுக்கு 31 முதல் 33 டிகிரி இருக்க வேண்டும். அது குறைந்தால் செரிமானம் நின்று எலி உள்ளேயே அழுகும். கக்கிவிட்டால் உடனே இன்னொன்று கொடுப்பதுதான் எல்லோருக்கும் தோன்றும். வேண்டாம். எலியோடு வயிற்று அமிலமும் வெளியே வந்திருக்கும், உணவுக்குழாய் புண்ணாகியிருக்கும். இரண்டு வாரம் தண்ணீர் மட்டும் வைத்து, பிறகு வழக்கமான அளவில் பாதி எலி கொடுங்கள். அதையும் கக்கினால் மூன்றாவது எலியை உருக்காமல், பாம்பின் மலத்தை ஒரு சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போங்கள்.